ஆள் இல்லாத மகால்

சாஞ்சிருக்குன்னு சொன்னேன். அவ்வளவுதான் தம்பி நான் செஞ்சது. சாஞ்சிருக்கிற படத்தைச் சாஞ்சிருக்குன்னு சொல்றது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்க. இல்ல, இப்பச் சொல்ல வேண்டாம். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. இப்பத்தான் மேலூரு தாண்டியிருக்கு. திருச்சி போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. நீங்களும் அந்தப் போனைத் தள்ளித் தள்ளிச் சலிச்சுட்டீங்க.

என் பேரு ஆவுடையப்பன். பிறந்த ஊரு தென்காசி. வேலைக்குன்னு மதுரைக்கு வந்தோம், அப்படியே தங்கிட்டோம். சர்க்கார் ஆபீஸ்ல டிராப்ட்ஸ்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எது கட்டுறதுன்னாலும் முதல்ல காகிதத்துல கட்டணும்ல, அதைக் கட்டினவன். அதனால எனக்குக் கோடு கோணுனா ஆகாது. ஓட்டலுக்குப் போனா சுவத்துல காலண்டர் சாஞ்சு தொங்குச்சுன்னா, எந்திரிச்சுப் போய் நேராக்கிட்டுத்தான் இட்லியில கை வைப்பேன். சில பேரு அதைக் கிறுக்குங்கிறாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

இப்ப திருச்சிக்கு எதுக்குப் போறேன்னா, அங்க ஒரு போட்டோ கண்காட்சி. என் சம்சாரம் எடுத்த படத்தை எல்லாம் மாட்டியிருக்காங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். உலகம்மாள்னு பேரு போட்டு, தனியா ஒரு சுவரே கொடுத்திருக்காங்களாம். நான் அதைப் பாத்து மெச்சுறதுக்குப் போறேன்னு நினைச்சிராதீங்க. எங்கெங்க தப்பு இருக்குன்னு ஒருத்தன் சொல்லணும்ல? மத்தவங்க எல்லாம் கை தட்டிட்டுப் போயிருவாங்க.

திருமலை நாயக்கர் மகால் பாத்திருக்கீங்களா? பாத்திருப்பீங்க. பள்ளிக்கூடத்துல டூர் கூட்டிட்டு வந்திருப்பாங்க. தூணைக் கட்டிப்பிடிச்சு ரெண்டு கையும் எட்டுதான்னு பாத்திருப்பீங்க. எட்டியிருக்காது. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. அந்தத் தூணுக்கு மேல என்ன இருக்குன்னு அண்ணாந்து பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. மேல வளைவு தம்பி. நெளிஞ்சு நெளிஞ்சு ஏறிப்போய் உச்சியில ஒண்ணு கூடும். காலையில முற்றத்துல வெயில் இறங்குறப்ப ஒரு பக்கத்துத் தூண் எல்லாம் பால் மாதிரி வெளுத்து நிக்கும். எதிர்ப்பக்கம் பூரா நிழல். நடுவுல போய் நின்னீங்கன்னா வாயில பேச்சு வராது.

அப்பேர்ப்பட்ட இடத்துக்கு வந்து ஜனங்க என்ன செய்றாங்க? செல்பி எடுக்கிறாங்க. பிள்ளையை ஓட விட்டுப் பின்னாடியே ஓடுறாங்க. தூணுல பேரைக் கிறுக்குறாங்க. கட்டினவன் பேரு ஒரு பலகையில மூலையில கிடக்கு, எவனோ ஒருத்தன் பேரு தூண்ல பெருசா இருக்கு.

ரிட்டையர் ஆன பிறகு நான் ஒரு நல்ல கேமரா வாங்கினேன். எனக்கு ஒரே ஒரு ஆசை. ஆள் இல்லாத மகால். ஒரு ஈ, காக்கா இல்லாம, முற்றமும் தூணும் வளைவும் மட்டும். அப்படி ஒரே ஒரு படம் எடுத்துரணும். வாராவாரம் புதன்கிழமை கதவு திறக்கும்போதே போய் நிப்பேன். கூட்டம் கம்மியா இருக்கிற நாளு. கம்மின்னாலும் யாராவது ஒருத்தன் குறுக்க வந்துருவான். நான் வெளிச்சம் பாத்து, கோடு பாத்து, மூச்சைப் பிடிச்சு அமுக்கப் போற நேரத்துல, ஒரு பச்சைச் சட்டை உள்ள நுழையும்.

என் சம்சாரம் உலகும் என்கூட வருவா. கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கிறது, பையைப் பாத்துக்கிறது, தண்ணி பாட்டில் கொடுக்கிறது எல்லாம் அவ பாடு. இன்னொரு உபகாரமும் உண்டு. நான் போய் "கொஞ்சம் ஒதுங்குங்க"ன்னா ஜனங்க முறைக்கும். அவ போனா அப்படி இல்ல. "எந்த ஊரும்மா? பிள்ளை பேரு என்ன? பல்லு முளைச்சிருச்சா?" இப்படி ஆரம்பிப்பா. பேசிக்கிட்டே நடந்து ஒரு தூணுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயிருவா. அவங்களுக்கே தெரியாது, ஏன் நகந்தோம்னு. அந்த விஷயத்துல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. நான் அமுக்கி முடிச்சதும், "ஆச்சு, வா"ன்னு குரல் கொடுப்பேன். சில சமயம் வரவே மாட்டா. அங்கேயே உக்காந்து யாரோ ஒருத்தி கல்யாணக் கதையைக் கேட்டுக்கிட்டிருப்பா. நான் ரெண்டு தடவை, மூணு தடவை கூப்பிடணும்.

எங்க போட்டோ கிளப்புல ஒரு பிள்ளை உண்டு. பெனிட்டான்னு பேரு. ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்குது. அதுக்குப் புதன்கிழமை லீவு. அதுவும் மகாலுக்கு வரும். எனக்கு அது எடுக்கிற முறை பிடிக்காது. ஸ்டாண்டு கிடையாது. ஓடும், குனியும், தரையில உக்காரும், பட்டுன்னு அமுக்கும். ஒரு நாள் கேட்டேன், "ஏம்மா, கட்டடத்தையும் கொஞ்சம் பாக்கக் கூடாதா?"ன்னு. "பாக்கிறேன் சார். ஆளு நின்னாத்தான் அது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியுது"ங்குது. எனக்குப் பாத்தாலே தெரியும். அளந்து வரைஞ்சவன் நான்.

போன வருஷம் கிளப்புல கண்காட்சி வச்சாங்க. என்னோட படம் ஒண்ணு மாட்டியிருந்தாங்க, கிழக்குப் பக்கத்துத் தூண் வரிசை. ஓரத்துல யாரோ ஒருத்தர் செருப்பு மட்டும் தெரியும், மத்தபடி சுத்தமான படம். உலகைக் கூட்டிட்டுப் போனேன். உள்ள போனா என் படத்துக்கிட்ட யாரும் இல்ல. எதிர்ச் சுவத்துக்கிட்ட ஒரே கூட்டம். என்னன்னு எட்டிப் பாத்தா, என் சம்சாரம்.

சுவத்துல தம்பி. ஆள் உயரத்துக்கு.

ஒரு தூணுக்குக் கீழ நிக்கிறா. கையில மொட்டை போட்டுச் சந்தனம் தடவின ஒரு குழந்தை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரங்க, அழகர்கோயில்ல முடி இறக்கிட்டு அப்படியே மகால் பாக்க வந்திருக்காங்க, பிறகு தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் பிள்ளை ரெண்டு கையையும் விரிச்சுத் தூணுல வச்சிருக்கு. என்னமோ தூணை அதுதான் தாங்கிட்டிருக்கிற மாதிரி. இவ தலையைப் பின்னால சாச்சுச் சிரிக்கிறா. வாயைத் திறந்து, கண்ணு ரெண்டும் மூடி. கொண்டை அவுந்து கிடக்கு. எனக்கு முதல்ல அடையாளமே தெரியல. சேலையை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.

அதுல நானும் இருக்கேன். தூரத்துல, வளைவுக்கு அடியில, முதுகைக் காட்டிக்கிட்டு, கேமராவுக்குள்ள குனிஞ்சு. கலங்கலா, ஒரு மூட்டையை நிப்பாட்டி வச்ச மாதிரி. என்னைத் தெளிவாக் கூட எடுக்கல.

நான் கேட்டேன், "இதை யாரு எடுத்தது?"

"நான்தான் சார்"னு பெனிட்டா வந்து நின்னுச்சு.

"தூணோட தலை எங்கம்மா?"

"சார்?"

"தூணுக்குத் தலைன்னு ஒண்ணு இருக்குல்ல? அதை வெட்டிட்டியே. வளைவையும் காணோம். கோடு பூரா இடது பக்கம் சாஞ்சிருக்கு. மகாலே விழப்போற மாதிரி இருக்கு."

"குழந்தை அந்த ஒரு நிமிஷம்தான் சார் அப்படிக் கையை வச்சுச்சு. அம்மாவும் அப்பத்தான் சிரிச்சாங்க. நேராக்கிக்கிட்டு இருந்தா அது போயிருக்கும்."

"போனா என்ன? மகால் போயிருமா? சரி, என் சம்சாரத்தைப் படம் எடுக்க என்கிட்ட கேட்டியா?"

"அம்மாகிட்டக் கேட்டேன் சார்."

பாருங்க பதிலை. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. கிளப் செயலாளரைக் கூப்பிட்டு, "இந்தப் படத்தை இறக்குங்க"ன்னேன். அவரும் தயங்கிக்கிட்டே ஏணியைத் தேடுறாரு. அப்ப உலகு பின்னால இருந்து சொல்றா:

"இறக்க வேண்டாம்."

சத்தமாச் சொல்லல. அவ எப்பவுமே சத்தமாப் பேசுறவ இல்ல. செயலாளர் என் மூஞ்சியைப் பாக்கிறாரு, அவ மூஞ்சியைப் பாக்கிறாரு. அவ திரும்பவும் சொன்னா, "இறக்க வேண்டாம் சார். எனக்குன்னு இருக்கிற படம் இது ஒண்ணுதான்."

நான் விடுவேனா? "ஏன், ரேஷன் கார்டுல இருக்கே? ஆதார்ல இருக்கே? கல்யாண ஆல்பம் பூரா நீதான இருக்க?"ன்னு கேட்டேன். சரியான கேள்விதான? கூட்டத்துல ஒருத்தர் சிரிக்கக்கூடச் செஞ்சாரு. அவ என்னையே பாத்தா. பிறகு அந்தப் படத்துக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டா. அங்க இருந்த பெண்டுகள்கிட்ட, குழந்தை என்ன செஞ்சுது, ஏன் சிரிச்சோம்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா. நான் என் படத்துக்கிட்ட வந்து உக்காந்துட்டேன். அந்தச் செருப்பை எப்படி வெட்டுறதுன்னு யோசிச்சுக்கிட்டு.

இதை என் மக வேற கிளறிவிட்டா. செண்பகம்னு பேரு, கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்கோம். போன் போட்டு, "அப்பா, அம்மாவுக்கு அறுபது முடிஞ்சப்ப அவங்க நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்கன்னு கேட்டேனே, நீங்க என்ன அனுப்புனீங்க தெரியுமா?"ங்கிறா. "என்ன அனுப்புனேன்?" "தூணு அனுப்புனீங்கப்பா."

ஆமா, அனுப்புனேன். கம்ப்யூட்டரை முழுக்கத் தேடினேன் தம்பி. உலகு தனியா இருக்கிற படம் எதுவும் அகப்படல. அவதான் எப்பவும் படத்துக்கு வெளிய நிக்கிறாளே, எப்படி அகப்படும்? ஒரே ஒரு படத்துல ஓரமா அவ சேலைத் தலைப்பு காத்துல பறந்து உள்ள வந்திருந்துச்சு. அதையும் நான் முன்னாடியே வெட்டி எடுத்துட்டேன். படம் சுத்தமா இருக்கணும்ல? அதனால அவளுக்குப் பிடிச்ச இடமாச்சேன்னு மகால் படத்தை அனுப்பி வச்சேன். அது ஒரு தப்பா?

அடுத்த புதன்கிழமை நான் கிளம்பி வாசல்ல நிக்கிறேன். அவ வரல. "நீங்க போங்க. நான் பிறகு வாரேன்"ங்கிறா. "ஸ்டாண்டை யாரு தூக்குறது?" "இன்னைக்கு நீங்களே தூக்கிக்கோங்க." சொல்லிட்டு அடுப்பங்கரைக்குள்ள போயிட்டா. கோபமாச் சொல்லியிருந்தாலும் நான் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். சிரிச்சுக்கிட்டே சொன்னா, என்னத்தைப் பேசுறது?

பிறகு வரத்தான் செஞ்சா. பெனிட்டாகூட வந்தா. கழுத்துல அந்தப் பிள்ளையோட பழைய கேமரா. ஜனங்ககிட்ட எப்பவும் போல ஊரு கேட்டா, பேரு கேட்டா, பிள்ளையைக் கொஞ்சினா. ஆனா இப்ப தூணுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போகல. தூணுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்து நிறுத்தினா. என் படத்துக்கு நட்ட நடுவுல! நான் இந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டுறேன். பாக்காத மாதிரி இருந்துட்டா.

அன்னைல இருந்து மகால்ல என் வேலை ஓடவே மாட்டேன்னுச்சு. விலக்கிவிட ஆள் இல்லை. நான் கேட்டா எவன் நகருறான்? ஒரு நாள் ராஜபாளையத்துல இருந்து ஒரு பெரிய குடும்பம் வந்திருந்துச்சு. சக்கர நாற்காலியில ஒரு பெரியவரை முற்றத்துக்கு நடுவுல நிறுத்திட்டு, எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. அன்னைக்கு வெயில் அப்படி ஒரு வெயில். மழை பெய்ஞ்சு வெறிச்ச மறுநாள், தூசி இல்லாம, ஒவ்வொரு வளைவும் எண்ணுற மாதிரி தெரியுது. நான் போய்ச் சொன்னேன், கொஞ்சம் ஒதுங்குங்கன்னு. அவங்க ஒதுங்கல. திரும்பவும் சொன்னேன். அந்தப் பெரியவரோட மகன் போல, ஒருத்தன் கேட்டான், "என்ன சார், உங்க வீடா இது?"

"என் வீடா இருந்தா உள்ளேயே விட்டிருக்க மாட்டேன்"னேன்.

பிடிச்சுக்கிச்சு. அவன் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல. ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினேன், ஒத்துக்கிறேன். புறா எல்லாம் படபடன்னு எந்திரிச்சுப் பறந்துச்சு. காவலுக்கு நிக்கிற பையன் ஓடி வந்தான். என்னை நல்லாத் தெரிஞ்சவன். வந்தவன் அவங்களை ஒரு வார்த்தை கேட்கல தம்பி. என்னைப் பாத்துக் கேக்கிறான், "சார், அம்மா வரலையா?"

அது என்ன கேள்வி? நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?

வந்திருந்தா. தூண் ஓரத்துல நின்னா. நேரா அந்தப் பெரியவர்கிட்டப் போனா. சக்கர நாற்காலி பக்கத்துல குனிஞ்சு என்னமோ கேட்டா. அவரு மேல கையைக் காட்டி என்னமோ சொன்னாரு. சின்ன வயசுல அவரு, அங்க சுண்ணாம்புச் சுதை பூசுற வேலை பாத்த ஒருத்தரோட தங்கியிருந்தாராம், சாகறதுக்குள்ள இன்னொரு தடவை பாத்துரணும்னு வந்தாராம். இதெல்லாம் அவ ராத்திரி சாப்பிடும்போது சொன்னது. அவளுக்கு மட்டும் எப்படித்தான் எல்லாரும் சொல்றாங்களோ. பத்துப் பதினைஞ்சு நிமிஷம் பேசிட்டு, அவரை அதே முற்றத்துல வச்சுப் படம் எடுத்தா. பிறகு எல்லாரும் கிளம்பிப் போனாங்க. அவளும் வாசல் வரைக்கும் கூடப் போனா.

அப்பத்தான் தம்பி நடந்துச்சு. திரும்பிப் பாக்கிறேன், முற்றத்துல யாருமே இல்ல. இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம் இல்ல. மேடையில இல்ல. புறா கூட இல்ல, நான் கத்தின கத்துல போயிருச்சு. வெயில் அப்படியே நிக்குது. ஓடிப் போய் கேமராவுல கண்ணை வச்சு, கோடு பாத்து அமுக்கிட்டேன். ஆள் இல்லாத மகால். இத்தனை வருஷத்துல எடுக்க நினைச்ச படம். ஒரு செருப்பு இல்ல, ஒரு தலைப்பு இல்ல.

பெருசாப் போட்டு வீட்டுல மாட்டினேன். உலகைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. "நல்லா இருக்குங்க. நேரா இருக்கு"ன்னா. பால் பொங்குதுன்னு உள்ள போயிட்டா. அவ்வளவுதான்! நான் என்னமோ எதிர்பாத்தேன்னு நினைக்காதீங்க. ஆனா நான் பட்ட பாட்டை எல்லாம் கூட நின்னு பாத்தவ அவதான. இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்பல்லாம் அவ பெனிட்டாகூட எங்கெங்கயோ போறா. புதுமண்டபம், தெப்பக்குளம், வண்டியூரு. சாயங்காலம் ஆனா நான் அந்தப் படத்துக்கு எதிர்க்க நாற்காலியைப் போட்டு உக்காந்திருப்பேன். ரொம்ப வெறிச்சுன்னு... இல்ல, அமைதியா இருக்கும். அமைதின்னா அப்படி ஒரு அமைதி. செண்பகம் வீடியோவுல பேசும்போது கூட அதைக் காட்டினேன். "சூப்பர்ப்பா"ன்னா. "அம்மா எங்க?"ன்னு கேட்டா. வெளிய போயிருக்கான்னேன். "அப்ப நீங்க மட்டுந்தானா?"ன்னா. ஆமா, நான் மட்டுந்தான். அதுக்கென்ன இப்ப?

இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு நான் கத்தினேன்ல, அதையும் அவ படம் எடுத்து வச்சிருந்தா. கொஞ்ச நாள் கழிச்சுச் சாப்பாட்டு மேசையில கொண்டு வந்து வச்சா. நான் கையைத் தூக்கிட்டு நிக்கிறேன், வாய் திறந்திருக்கு, தலைக்கு மேல புறாக் கூட்டம், அதுக்கு மேல வளைவு. காக்கா விரட்டுறவன் மாதிரி இருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லணும் தம்பி, தூண் ஒவ்வொண்ணும் நேரா இருந்துச்சு. ஒரு இம்மி சாயல. தலையையும் வெட்டல. அது யாருகிட்டக் கத்துக்கிட்டது? என்கிட்டத்தான். இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு கேட்டிருக்காள்ல.

"திருச்சிக் கண்காட்சிக்குக் கேக்கிறாங்க. இதைக் கொடுக்கட்டுமா?"ன்னு கேட்டா.

"கொடுக்கக் கூடாது"ன்னேன்.

"சரி"ன்னு எடுத்து உள்ள வச்சுட்டா. ஏன்னு கேட்கல, வாதாடல. கொடுக்கவும் இல்ல. பாத்துக்கோங்க, ஒருத்தரைப் படம் எடுத்தா அவரைக் கேட்டுட்டுத்தான் வைக்கணும்னு அவளுக்காவது தெரிஞ்சிருக்கு. அந்த பெனிட்டாப் பிள்ளைக்கு அது தெரியல.

நேத்து மாட்டுத்தாவணியில போய் வழி அனுப்பி வச்சேன். பெனிட்டா, இன்னும் ரெண்டு மூணு பொம்பளைப் பிள்ளைக, இவ. எல்லாரும் திருச்சி பஸ்ல சாமான் ஏத்திட்டு நிக்கிறாங்க. உலகு நல்ல ஊதாக் கலர்ச் சேலை கட்டியிருந்தா. எனக்கு என்னமோ தோணுச்சு. கேமராவை எடுத்துட்டுத்தான் போயிருந்தேன். "உலகு, அப்படியே நில்லு"ன்னேன்.

அவளுக்கு நம்பிக்கை இல்ல. பின்னால திரும்பிப் பாக்கிறா, எதை எடுக்கப் போறேன்னு. பின்னால ஒண்ணும் இல்ல, ஒரு டீக்கடை, ஒரு கட்டணக் கழிப்பறை. "உன்னைத்தான்"னேன். சேலையை இழுத்துவிட்டு நின்னா. கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, பையைக் கையில பிடிச்சுக்கிட்டு.

நான் கேமராவுல கண்ணை வச்சேன். ஒருத்தன் பூ வித்துக்கிட்டு குறுக்க வந்தான். விட்டேன். அவன் போனதும் ஒரு குடும்பம். அவங்க போகட்டும்னு இருந்தேன். ஒரு பஸ் பின்னால வந்துச்சு. அது போகட்டும். மாட்டுத்தாவணி கூட்டம் உங்களுக்குத் தெரியும்ல? ஒரு ஆள் விலகினா நாலு ஆள் வாரான். நான் கையைக் காட்டுறேன், ஒருத்தனும் மதிக்கல. அவ நின்னுக்கிட்டே இருக்கா. முதல்ல சிரிச்சுக்கிட்டு நின்னா. பிறகு சும்மா நின்னா. "ஏங்க, எடுங்க"ன்னா. "இரு, இரு, கொஞ்சம் விலகட்டும்"னேன். கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். பெனிட்டா உள்ள இருந்து "அம்மா, வாங்க"ன்னு கூப்பிடுது. அவ ஒரு படி ஏறி, திரும்பி என்னைப் பாத்தா. "பரவால்லங்க"ன்னா. பஸ் கிளம்பிருச்சு.

அதுக்கு நான் என்ன செய்றது தம்பி? கூட்டம் விலகல. விலகியிருந்தா எடுத்திருப்பேன்ல? மதுரைக்காரங்களுக்கு ஒருத்தன் படம் எடுக்கிறானேன்னு ஒரு அறிவு வேண்டாமா?

வீட்டுக்கு வந்து மகாலைப் பாத்துக்கிட்டு உக்காந்தேன். டீ போட்டுக் குடிச்சேன். தூக்கம் வரல, வெக்கை. காலையில எந்திரிச்சு, சரி, போய் அந்த வேலையை முடிச்சுட்டு வந்துருவோம்னு...

எந்த வேலையா? அதான் சொன்னேனே, கண்காட்சியில தப்பு பாக்கிற வேலை. வேற என்ன?

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு உலகு... ம்... சாப்பிட்டேன். ...தோசை. ...வீட்டுலதான் இருக்கேன். ...ஹாரன் சத்தமா? அது தெருவுல. ...கண்டக்டர் சத்தமா? சரி, சரி. பஸ்லதான் வாரேன். ...வந்தா என்ன, வரக் கூடாதா? கூட்டம் ரொம்ப இருக்கா? எவ்வளவு கூட்டம்? ...வாசல் வரைக்குமா? ...இல்ல, யாரையும் ஒதுங்கச் சொல்ல வேண்டாம். இருந்துட்டுப் போகட்டும். நீ அங்கேயே நில்லு. உன் சுவத்துக்கிட்டயே நில்லு. எங்கேயும் போயிராத. ...என்னத்துக்குன்னா? நில்லுன்னா நில்லேன். வை, வை.

என்ன தம்பி அப்படிப் பாக்கிறீங்க? நான் எதுக்கும் மன்னிப்புக் கேட்கப் போறதில்ல. நான் சொன்னதுல ஒரு வார்த்தையையும் மாத்தப் போறதில்ல. அந்தத் தூணுக்குத் தலை வேணும்னா வேணும்தான்.

ஏப்பா கண்டக்டர், மன்னார்புரம் வந்திருச்சா? அதுதான அந்தக் கண்காட்சி மண்டபம், பேனர் கட்டியிருக்கே, அங்க? இங்கேயே நிறுத்திருப்பா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் யாரு திரும்பி வாரது? இல்லப்பா, சிக்னல்லயே இறங்கிக்கிறேன், நீ மெதுவாப் போடு, போதும்.

தம்பி, கொஞ்சம் காலை மடக்குங்க, மேல இருக்கிற அந்தக் கேமராப் பையை எடுத்துக்கிறேன். அவசரம் எல்லாம் ஒண்ணும் இல்ல. உக்காந்து உக்காந்து முட்டி பிடிச்சுக்கிச்சு, அதான்.